பவுனின் கண்

எங்கள் வீட்டுப் பூனைக்குக் கண் தெரியாமற் போயிற்று. இதனைச் சொல்லுதற்கு ஒரு கட்டுரை வேண்டுமோ என்று விடுதி நண்பர் சிலர் நகைப்பர். பூனையைப்பற்றி எழுதப் புகுவோர் அதன் கள்ளத்தனத்தையும் சோம்பலையும் நகைச்சுவை பொருந்தப் புனைந்துரைப்பதே பெரும்பான்மை வழக்கு. நானும் முதலில் அவ்வாறே எழுதத் தொடங்கினேன். பத்து வரி எழுதுமுன் கை நின்றுவிட்டது. ஆதலின் புனைவை ஒழித்து, நடந்ததை நடந்தவாறே இங்கு எழுதுகிறேன்.

பவுன் எங்கள் வீட்டிற்கு வந்தபோது எனக்கு வயது 4. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், வாழைத்தூரடியிற் கிடந்து கத்திய குட்டியை ஆச்சி முந்தானையில் ஏந்தி உள்ளே கொணர்ந்தார் என்பர். அந்நிகழ்ச்சி எனக்கு நினைவில்லை. பவுன் இல்லாத வீடும் எனக்கு நினைவில்லை. மேனி வெண்மையும் செம்மையும் விரவியது. கண்ணிரண்டும் புதுப் பவுனின் நிறம். அதுபற்றியே ஆச்சி அப்பெயரிட்டார். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பவுனுக்கு 15 வயது நிரம்பியிருந்தது. பூனையின் 15 ஆண்டு மனிதரின் 75 ஆண்டிற்கு ஏறக்குறைய ஒக்கும் என்பர். ஆச்சிக்கு அப்போது 78. ஆகவே இருவரும் ஒரு பருவத்தினராய், பிற்பகல்தோறும் திண்ணையில் ஒருவரையொருவர் ஒட்டி உறங்குதல் எங்கள் வீட்டு நியதியாயிருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே ஆச்சி தொலைபேசியில் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். “ஐயா, பவுன் தண்ணி ரொம்பக் குடிக்குது, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கிண்ணத்தை நிரப்ப வேண்டியிருக்கு” என்றார். “வெயிலாயிருக்கும் ஆச்சி” என்றேன். மழைக்காலத்தில் ஏது வெயில் என்று ஆச்சி திருப்பிக் கேட்கவில்லை. பேரன் படித்தவன், சொன்னால் சரியாயிருக்கும் என்று விட்டுவிட்டார்போலும். பின்னும் ஒரு முறை, பவுன் மெலிந்துவிட்டது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்றார். வயதாகிவிட்டது என்று அதற்கும் ஒரு விடை என்னிடம் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிசம்பர் 21 இரவு வீடு சேர்ந்தேன். மறுநாட் காலையில் முதல் வேலையாகப் பின்கட்டு அறையிற் கிடந்த கட்டிலைச் சுவரோரம் தள்ளி, நடுக்கூடத்து மேசையைத் தூக்கிவந்து சன்னலண்டையில் இட்டு, புத்தகங்களைப் பரப்பினேன். விடுமுறை முடிந்ததும் தொல்காப்பியத்தில் தேர்வு இருந்தது. மரபியலைப் பேராசிரியர் உரையோடு படித்துக் குறிப்பெடுத்துவர வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. எவ்வெவ் விலங்கின் இளமைக்கு எவ்வெப் பெயர் உரியது, ஆணுக்கு யாது, பெண்ணுக்கு யாது என்று அவ்வியல் வகுத்துச் செல்லும். வெருகின் குட்டியைக் குட்டி என்றலும், வெருகினைப் பூசை என்றலும் மரபு என்று அங்கு வருகிறது. நான் அதனைச் செவ்வனே குறித்துக்கொண்டேன். அப்பூசையோ அப்போது மேசைக்காலில் முட்டிக்கொண்டு நின்றது.

ஆம், முட்டிக்கொண்டது. நான் சிரித்தேன். “கிழவி, போதையா?” என்று கேட்டு அதன் தலையைத் தடவிவிட்டு மறுபடி ஏட்டில் ஆழ்ந்தேன்.

அன்று நண்பகலில் முற்றத்து வெயிலில் பவுன் உட்கார்ந்திருந்தது. அதன் கண்கள் வழக்கத்தினும் பெரியனவாய், கருமை மிகுந்து, உள்ளே பசிய ஒளியொன்று மின்ன, காண்போரை மயக்குவனவாய் இருந்தன. அம்மாவை அழைத்து, “பாருங்களம்மா, பவுனுக்குக் கண் இளமையாகிவிட்டது” என்றேன். கைபேசியில் ஒரு படமும் எடுத்தேன். அப்படத்தைப்பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிற்க. 24-ஆம் நாள் மாலையில், 15 ஆண்டாகத் தான் ஏறிய சமையலறைச் சன்னல் திண்டிற்குத் தாவிய பவுன், ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது. எழுந்து, ஒன்றும் நிகழாததுபோல் ஒரு கணம் முன்னங்காலை நக்கிற்று. பிறகு சுவரோரமாகவே ஊர்ந்து சென்று ஆட்டுரலின் பின்னே ஒடுங்கிக்கொண்டது. மறுநாள் பண்டிகை. வீடு நிறைய உறவினர், குழந்தைகளின் கூச்சல். பவுனை ஒருவரும் தேடவில்லை. இரவெல்லாம் அது கத்திக்கொண்டிருந்ததை எல்லாரும் கேட்டோம். விருந்தினர் வந்ததில் மிரண்டுவிட்டது என்று எல்லாரும் கூறினோம்.

26 காலையில் ஆச்சிதான் கண்டுபிடித்தார். பவுனை மடியில் இட்டு, அதன் முகத்திற்கு நேரே தம் விரலை மெல்ல இப்புறமும் அப்புறமும் அசைத்தார். பாவை அசையவில்லை. இமையும் கொட்டவில்லை. “ஐயா, இதுக்குக் கண்ணு தெரியலை” என்றார், உரத்த குரலின்றி. நான் ஓடிவந்து கையை வேகமாக வீசிப் பார்த்தேன், இமைத்தது. “தெரிகிறதே!” என்று மகிழ்ந்தேன். “காத்து படுது, அதான் இமைக்குது” என்றார் ஆச்சி. அவர் செய்ததே சரியான முறை என்பதைப் பின்னர் மருத்துவர் வாயிலாக அறிந்தேன். கையின் காற்று மீசைமயிரிற் பட்டாலே பூனை இமைக்குமாம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டதாக எண்ணும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. எங்கள் பூனை கண்ணை மூடவில்லை. இரு கண்ணையும் அகல விழித்துக்கொண்டிருந்தது. உலகம் உள்ளபடியே இருண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தோர் வேறு சிலர்.

மறுநாள் அருகிலிருந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் கூடையைத் திறந்து ஒரு நொடி பார்த்தார். “வயசாயிடுச்சு, புரை விழுந்திருக்கும்” என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். நாளைக்கு மூன்று வேளை அதனை விட்டுவந்தோம். அம்மருந்தினால் கேடொன்றும் இல்லை, நாட்கள்தாம் கழிந்தன. நாய்க்கு வருமளவு பூனைக்குக் கண்புரை வருவதில்லை என்பதும், வருமாயின் பாவை வெண்மையாக மங்கித் தோன்றும் என்பதும், பவுனின் பாவையோ கரிய கிணற்றுநீர்போல் தெளிந்திருந்தது என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறு நாளாகியும் குணமில்லாமை கண்டு, ஊருக்கு அப்பாலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லலாம் என்றேன். அப்பா தயங்கினார். கிழப் பூனை, அதனை அலைக்கழிப்பானேன், உள்ளநாள்வரை சோறு போட்டு வைத்திருப்போம் என்பது அவர் கருத்து. அதிற் கொடுமை ஒன்றும் இல்லை. பலரும் அவ்வாறே நினைப்பர். ஆச்சி தம் மாத்திரைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமலே, “எனக்கும் வயசாச்சு ராசா. மாசம் பொறந்தா நீ மாத்திரை வாங்கித் தாரியே” என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

2023 சனவரி 2. அங்கிருந்த மருத்துவர் இளம்பெண்மணி. அவர் பவுனை உடனே தொடவில்லை. அறைக்கதவைச் சாத்தி, விளக்கொன்றை அணைத்து, பத்து நிமிடம் எங்களைப் பேசாதிருக்கச் செய்தார். அச்சத்தால் ஏறும் அழுத்தம் நோயால் ஏறிய அழுத்தத்தோடு கலந்து கணக்கைக் கெடுத்துவிடுமாம். பிறகு முன்னங்காலில் இரண்டு விரற்கடை அகலமுள்ள சிறு பட்டையைச் சுற்றி, பாதத்தின் அடியில் மயிர் மழித்த இடத்தில் டாப்ளர் என்னும் கருவியை வைத்தார். பவுனின் நாடி உஸ்ஸென்றும் உஸ்ஸென்றும் அறை முழுதும் ஒலித்தது. பதினைந்தாண்டு என் மடியிற் கிடந்த உயிரின் குருதி ஓடும் ஓசையை அன்றுதான் முதன்முதற் கேட்டேன். முதற் கணக்கைத் தள்ளிவிட்டு, ஐந்தாறு முறை அளந்து சராசரி கண்டார். 224 மில்லிமீட்டர் பாதரசம். பூனைக்கு 160-ஐ எட்டினாலே இரத்தக் கொதிப்பு என்பர். 180-ஐத் தாண்டின் கண், மூளை, இருதயம், சிறுநீரகம் என்னும் நான்கிற்கும் இடர் மிகுதி.

பஞ்சுருண்டை ஒன்றை அதன் கண்முன் மேலிருந்து கீழே விழவிட்டார். பஞ்சு விழும் ஓசை கேளாது, காற்றும் எழாது. பார்வையுள்ள பூனை அதனைத் தொடர்ந்து தலையைத் தாழ்த்தும். பவுன் நேரே நோக்கியபடி இருந்தது. கண்ணினுள் ஒளி பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார். இரு கண்ணிலும் விழித்திரை பெயர்ந்திருந்தது. இடக்கண்ணில் இரத்தமும் கசிந்திருந்தது.

விழித்திரை என்பது கண்ணின் பின்புற உட்சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். அதன் பின்னே அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. அழுத்தம் தாங்காது அவை கசியுமாயின், கசிந்த நீர் படலத்தின் பின்னே தேங்கி அதனைச் சுவரினின்றும் பெயர்த்துவிடும். அடைமழையில் ஊறிய மண்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பிப் பெயர்ந்து நிற்பதைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் கண் சிவப்பதில்லை, நீர் வடிவதுமில்லை. அதனாற்றான் ஒரு நாள் திடீரென்று குருடானதுபோல் வீட்டார்க்குத் தோன்றுகிறது. கொதிப்போ பல மாதமாக ஏறிக்கொண்டே வந்திருக்கும். கிழப் பூனைகளில் அதனோடு பெரிதும் சேர்ந்து காணப்படுவது சிறுநீரக நோய். அடுத்தபடியாகக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பது. பவுனுக்குச் சிறுநீரகமே கெட்டிருந்தது. கெட்ட சிறுநீரகம் நீரைச் சுண்டவைத்து வெளியேற்ற மாட்டாது. போகும் நீருக்கு ஈடாகப் பூனை ஓயாது குடிக்கும், தசை கரையும். அக்டோபரில் ஆச்சி சொன்ன தண்ணீர்க் கிண்ணம் அதுதான். 4 கிலோ இருந்த பவுன் அன்று தராசில் 2.8 கிலோ நின்றது.

“எப்போதிருந்து கண் தெரியவில்லை?” என்று மருத்துவர் கேட்டார். “26-ஆம் தேதியிலிருந்து” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பெயர்ந்த விழித்திரை ஓரிரு நாளில் மருந்து பெற்றுப் பழைய இடத்தில் படிந்துவிடின் பார்வை ஓரளவு மீளுதலும் உண்டு. நாள் செல்லச் செல்ல, ஒளியை உணரும் நுண்ணணுக்கள் மடிந்துவிடும். எட்டு நாளாகிவிட்டதால் உறுதி சொல்ல இயலாது. ஆயினும் மூளையையும் இருதயத்தையும் காத்தற்பொருட்டு எவ்வாறாயினும் கொதிப்பைத் தணிக்க வேண்டும் என்று கூறினார்.

அன்றிரவு கைபேசியில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் 22, பகல் 12 மணி 10 நிமிடம். முற்றத்தில் கண் கூசும் வெயில். பவுனின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அவ்வெயிலில் பூனையின் பாவை நெல்லின் கீற்றுப்போல் ஒடுங்கியிருத்தல் வேண்டும். சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி அது. ‘இப்பொழுது கீற்று, இப்பொழுது உருண்டை’ என்று கதவைத் திறந்தும் சாத்தியும் பவுனின் கண்ணை வைத்து நானே விளையாடியிருக்கிறேன். படத்திலோ பாவையிரண்டும் விளிம்புவரை விரிந்திருந்தன. பூனையின் விழித்திரைக்குப் பின் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் பூனைக்கண் மின்னுவது அதனால். கதவு முழுதும் திறந்து கிடந்தமையின் உள்ளிருந்த அம்மின்னல் பட்டப்பகலிலும் வெளியே தெரிந்தது. அதனைத்தான் நான் இளமை என்றேன்.

அம்மாவின் கைபேசியில் டிசம்பர் 10-இல் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் கீற்று கீற்றாகவே இருந்தது.

ஆகவே கண் போனது 10-க்கும் 22-க்கும் இடையில். நான் வருமுன்னமே போயிருக்கலாம். அவ்வாறாயின் நான் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று எனக்கு நானே வழக்காடிப் பார்த்தேன். ஒருகால், 21-ஆம் நாளிரவு போயிருந்தால்? 22 பகலில் நான் படம் எடுத்த கையோடு பவுனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால்? இவ்வழக்கிற்குத் தீர்ப்பு இல்லை. மருத்துவரிடம் தவறான நாளைச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் உறுதி. சொன்னபோது பொய்யென்று அறியேன். அறிந்தபின் சொல்லாதிருந்தால் அது பொய்யே. ஆயினும் சொன்னால் என்ன ஆகும்? நாள் கூடுதலாகிவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடுவாரோ? ‘இவ்வளவும் பார்த்துக்கொண்டா இருந்தாய்?’ என்று கேட்பாரோ? மூன்று நாள் ஒருவரிடமும் அதனைச் சொல்லவில்லை. நான்காம் நாள் ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “நல்ல படம்” என்றார். சற்றுப் பொறுத்து, “டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு” என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி சென்றபோது இரு படங்களையும் மருத்துவர்முன் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்து, தாளில் ‘26’ என்றிருந்ததை அடித்து, இரு நாட்களையும் எழுதினார். வேறொன்றும் கூறவில்லை. அப்படத்தைத் தமக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். மாணவர்க்குக் காட்ட உதவும் என்றார்.

கொதிப்புக்கு அவர் கொடுத்த மருந்தின் பெயர் அம்லோடிபின். சீட்டை வாங்கிப் படித்த ஆச்சி, “இது என் மாத்திரையில்லா?” என்றார். அவர் நாள்தோறும் விழுங்குவதும் அதுவே. அவர்க்கு 5 மில்லிகிராம், பவுனுக்கு 0.625. இரண்டரை மில்லிகிராம் மாத்திரையை நான்காக நறுக்கி அதில் ஒரு துண்டு. அன்று முதல் காலைக் காப்பியோடு இருவர்க்கும் ஒரே வேளையில் மருந்து. ஆச்சி முன்பெல்லாம் மாத்திரையை மறந்துவிடுவார். பவுனுக்குக் கொடுக்கவேண்டுமே என்று இப்போது மறப்பதில்லை என அம்மா சொல்கிறார்.

உணவில்தான் பெரும்போர். பவுனுக்கு உயிர் கருவாடு. உப்பும் எலும்பிலுள்ள பாஸ்பரசும் அதன் சிறுநீரகத்திற்கு ஆகா என்று மருத்துவர் கருவாட்டை விலக்கிவிட்டார். பாலும் வேண்டாம் என்றார். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர்; எங்கள் பூனைக்கோ ஒரு கிண்ணத்திற்கும் வழியில்லாமற் போயிற்று. முழுச் சைவமாக்கிவிடலாமா என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். அது முற்றும் தவறு. டாரின் என்னும் சத்தினைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியினின்றும் மீனினின்றுமே பெறவேண்டும். அஃது இல்லாத உணவால் பூனையின் விழித்திரை அழியும் என்று 1975-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டிருக்கின்றனர். மருத்துவர் முதல்நாளிலேயே பவுன் உண்பது யாது என்று துருவிக் கேட்டதும், என்ரோபிளாக்சசின் என்னும் மருந்து யாரேனும் கொடுத்ததுண்டா என்று கேட்டதும் இவை பற்றியே. அம்மருந்து அளவு மீறினும் பூனைக்குக் கண் போகுமாம். இப்போது உப்பின்றி அவித்த கோழியும், மருத்துவர் சொன்ன சிறுநீரக நோய்க்குரிய உணவும் கலந்து தரப்படுகின்றன. முதல் இரண்டு நாள் பவுன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண் தெரியாவிடினும் முகம் திருப்பத் தெரிகிறதே என்று ஆச்சி மகிழ்ந்தார்.

இரண்டாம் முறை அளந்தபோது அழுத்தம் 152. வலக்கண்ணில் நீர் வற்றி விழித்திரை பெரிதும் படிந்திருந்தது. இடக்கண் அவ்வாறே. வலக்கண்ணால் வெளிச்சமும் நிழலும் வேறென்று மட்டும் பவுன் அறிகிறது. வாயிற்படியில் ஆள் நின்றால் தலை நிமிர்கிறது. பஞ்சுருண்டையை இன்னும் காணவில்லை.

ஆயினும் அது நடமாடக் கற்றுக்கொண்ட வகை வியப்பிற்குரியது. மீசைமயிர்களை முன்னோக்கி விரித்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, சுவரை வலப்புறம் வைத்து நடக்கும். முன்னங்காலின் பின்புறத்தும் பூனைக்கு அத்தகைய உணர்மயிர்கள் உண்டு. கிண்ணம், மணற்பெட்டி, ஆச்சியின் கட்டில், திண்ணை என்னும் நான்கிடத்தையும் ஒரு வாரத்தில் பிழையின்றி அடைந்தது. பொருள்களை இடம் மாற்றலாகாது என்பதே மருத்துவர் எங்களுக்கிட்ட முதற் கட்டளை. அன்று மாலையே நானும் அப்பாவும் மேசையைத் தூக்கி நடுக்கூடத்தில் பழைய இடத்தில் வைத்தோம், கட்டிலையும் இழுத்துப்போட்டோம். மரபியலின் எஞ்சிய பகுதியைத் தரையில் உட்கார்ந்து படித்தேன்.

விடுமுறை முடியும் நாளில் என் தகரப்பெட்டியைப் பின்கட்டுக் கதவருகில் வைத்து அடுக்கத் தொடங்கினேன். பவுன் வந்து அதில் முட்டிக்கொண்டது. நான் எழுந்து பெட்டியை நகர்த்தப் போனேன்; அதற்குள் அது மோந்து பார்த்து, ஓரத்தை மீசையால் அளந்து, சுற்றிக்கொண்டு சென்றுவிட்டது. பெட்டி அங்கே இரண்டு நாள் இருந்தது. பிறகு நான் அதனைத் தூக்கிக்கொண்டு இரயிலேறிவிட்டேன். நான் வந்தபின்னும் பவுன் அந்த இடத்திற்கு வந்ததும் நின்று, இல்லாத பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அம்மா தொலைபேசியில் கூறினார். ஐந்தாம் நாள் நேரே நடந்ததாம்.